ஸ்பீல்பெர்க் மெச்சிய அந்த முகம் ஏன் கதாநாயகன் ஆகவில்லை?

இந்தக் கேள்வியைப் போட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார். 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' படத்தில் கோபயாஷி என்ற வக்கீலாக வரும் இங்கிலாந்து நடிகர் பீட் பாஸில்த்வெய்ட்டை, உலகத்திலேயே சிறந்த நடிகர் என்று ஸ்பீல்பெர்க் சொன்னாராமே, நிஜமா? நிஜமென்றால் அந்த மனிதர் கடைசிவரை ஏன் துணை வேடத்திலேயே காலம் தள்ளினார்? முதல் கேள்விக்கு ஆமாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. துணை வேடம் கீழ்ப்படி, கதாநாயகன் மேல்படி, திறமைசாலி எப்படியும் ஏறிவிடுவான் என்று ஒரு கணக்கை முதலிலேயே போட்டு வைத்துக்கொண்டுதான் நாம் இப்படிக் கேட்கிறோம். இந்த நடிகரின் வாழ்க்கை அந்தக் கணக்கில் அடங்காது.

நான் சினிமாக்காரன் அல்ல. சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழுவில் 20 வருடங்களுக்கு மேலாக நடிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் ஐடி வேலையில் இருப்பவர்கள், சனி ஞாயிறில் மட்டும்தான் முகத்தைப் பார்க்கலாம். அவர்களுக்குப் போட்டுக் காட்ட நான் சேர்த்து வைத்திருக்கும் காட்சிகளில் நான்கைந்து இவருடையவை. அதனால் படங்களைப் பற்றி நான் சொல்வது, ஒரே காட்சியை நிறுத்தி நிறுத்திப் பலமுறை பார்த்தவன் சொல்வது. மேடையில் நான் அவரைப் பார்த்தது கிடையாது. அடிப்படையில் மேடைக்காரரான ஒருவரைப் பற்றிப் பேசும்போது இது சின்னக் குறை இல்லை. நாடகத்தைப் பற்றி வரும் இடங்களை அந்தக் குறையோடுதான் படிக்க வேண்டும்.

முதலில் பெயர்: பீட் பாஸில்த்வெய்ட். ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு 'ட்' உட்கார்ந்திருக்கும், யாரும் அதை உச்சரிப்பதில்லை. இங்கிலாந்தின் வடக்கே இப்படி முடியும் ஊர்ப்பெயர்கள் நிறைய உண்டு. காடு திருத்திய நிலம் என்று பழைய நார்ஸ் மொழியில் பொருள். பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆரம்பத்தில் அவருக்கு யோசனை வந்தது. இவ்வளவு நீளப் பெயரை வாசலில் விளக்குப் போட்டு எழுதினால் தியேட்டர்காரர்களுக்குக் கரண்ட் பில் கட்டுப்படியாகாது என்றார்களாம். அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்த கதை இது. பெயரை மாற்றவில்லை. ஸ்பீல்பெர்க் விஷயமும் அப்படித்தான். 1997இல் வந்த 'தி லாஸ்ட் வேர்ல்ட்', 'அமிஸ்டாட்' இரண்டிலும் இவர் நடித்தார், அதையொட்டி வந்த பாராட்டு அது. அதற்கு இவர் சொன்ன பதில் பாராட்டைவிடப் பிரபலம்: "ஸ்பீல்பெர்க் நிஜத்தில் சொன்னது, 'இந்த பீட் இருக்கானே, தான்தான் உலகத்திலேயே பெரிய நடிகன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்' என்பதாகத்தான் இருக்கும்." வேலை முடிந்த சந்தோஷத்தில் ஒரு இயக்குநர் சொல்வதைத் தரவரிசைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

பிறந்தது 1946 பிப்ரவரி 7, வாரிங்டனில். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே இருக்கும் தொழில் நகரம். கத்தோலிக்கத் தொழிலாளிக் குடும்பம், நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா பீப்பாய் செய்தவர், மர வேலை பார்த்தவர், பள்ளிக்கூடக் காவலாளியாகவும் இருந்தவர். பையனுக்குப் பாதிரியாராகும் எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. அது கைகூடாமல் ஆசிரியப் பயிற்சி முடித்து, பள்ளியில் நாடகமும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் போய்ச் சேரும்போது வயது 24. வகுப்பறையில் நின்ற கால்கள் அவை என்பது பின்னால் பல படங்களில் தெரியும். ஒரு அறைக்குள் நுழைந்ததும் குரலை உயர்த்தாமலே எல்லோரையும் தன் பக்கம் திருப்பத் தெரிந்தவரின் நிற்கும் தோரணை அது. (வாத்தியார்களுக்கு இது புரியும்.)

அடுத்தது லிவர்பூல் எவ்ரிமேன் தியேட்டர். 1970களின் நடுவில் அங்கே கூடியிருந்த கூட்டத்தைப் பாருங்கள்: ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜோனதன் பிரைஸ், ஆன்டனி ஷேர். எழுதிக்கொடுத்தவர்களில் ஆலன் பிளீஸ்டேலும் வில்லி ரஸ்ஸலும் உண்டு. அப்போது இவர்கள் யாருக்கும் வெளியே பெயர் கிடையாது. இவர்கள் அங்கே கூடியதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் இருந்தது, அதை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. அன்றைக்கு இங்கிலாந்தில் நடிகர் சங்கமான ஈக்விட்டியின் அட்டை இல்லாமல் டிவியிலோ லண்டனின் பெரிய மேடைகளிலோ தலைகாட்ட முடியாது. அந்த அட்டையை வாங்க, பள்ளி முடித்தவர்கள் வெளியூர் நாடகக் குழுக்களில் சேர்ந்து வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். ரெபர்ட்டரி என்பார்கள்: ஒரு நாடகம் மேடையில் ஓடும்போதே அடுத்ததற்கு ஒத்திகை நடக்கும், இந்த மாதம் கிழவன், அடுத்த மாதம் திருடன். 1980களின் இறுதியோடு அந்தக் கட்டாயம் போய்விட்டது. நல்லதா கெட்டதா என்பது தனி வாதம். ஆனால் முகம் அழகாக இல்லாத ஒரு 28 வயது ஆளுக்குத் தினமும் வேலை கொடுத்துத் தேற்றிய ஏற்பாடு அது. சினிமா அவரைத் தேடி வரும் முன்பே அவர் முழு நடிகராகிவிட்டிருந்தார்.

அவர் முகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வியின் ஒரு பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. துருத்திய கன்ன எலும்பு, உள்ளே போன கண், உடைந்தது போன்ற மூக்கு. அந்த முகத்துக்குக் காதல் வேடம் வராது என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். ஆனால் கேமரா பக்கத்தில் வந்தால் அந்த எலும்புகளே பாதி வேலையைச் செய்துவிடும். தசையை அசைக்காமலே நிழல் மாறும். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் இதை ஜாக்கிரதையாகத்தான் சொல்வேன், இல்லாவிட்டால் ஆளாளுக்குக் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்கள்.

முதலில் பலருடைய கண்ணில் பட்டது 1988இல் வந்த டெரன்ஸ் டேவிஸின் 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்'. லிவர்பூலில் தன் குடும்பத்தை வைத்து அந்த இயக்குநர் எடுத்த படம், இதில் இவர் அடிக்கிற அப்பா. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, தூங்கும் குழந்தைகளின் கட்டிலருகே பரிசுக் காலுறைகளை வைத்துவிட்டு, அவர்களை ஒரு கணம் பார்த்து நிற்கிறார். மறுநாள் சாப்பாட்டு மேசையில் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பு, தட்டும் சாப்பாடும் தரையில். சுத்தம் பண்ணச் சொல்லி ஒரு கத்தல். இரண்டுக்கும் நடுவில் காரணம் எதுவும் சொல்லப்படுவதில்லை. கொஞ்சம் கம்மியான நடிகர் என்றால் முந்தின இரவிலேயே நாளைய கோபத்துக்கு ஒரு கோடு காட்டி வைப்பார், பார்ப்பவன் தயாராகட்டும் என்று. இவர் காட்டுவதில்லை. இரவில் முழுக்க அன்பு, காலையில் முழுக்க மிருகம். அப்படிப்பட்ட அப்பாவோடு வளர்ந்தவர்களுக்கு எப்போது வெடிக்கும் என்று தெரியாது அல்லவா, அந்தத் தெரியாமை நமக்கும் வந்துவிடுகிறது.

டிவியைத் தள்ளிவிட்டு இவரைப் பற்றிப் பேச முடியாது. 1981இல் பிளீஸ்டேல் எழுதிய 'தி மசில் மார்க்கெட்' என்ற பிபிசி நாடகத்தில் இவர்தான் மையப் பாத்திரம். 1994இல் ஐடிவி சேனலின் 'ஷார்ப்' என்ற ராணுவக் கதை வரிசைப் படங்களில் ஒபடையா ஹேக்ஸ்வில் என்ற சார்ஜன்ட். சிறுவயதில் தூக்கில் போட்டும் சாகாமல் தப்பியவன், அதனால் கழுத்தும் முகமும் வெட்டி இழுத்துக்கொண்டே இருக்கும். தன் தொப்பிக்குள் முகத்தை விட்டு அம்மாவோடு பேசுவான். என்னைக் கேட்டால் இதில் அவர் கொஞ்சம் அதிகம்தான் போகிறார். ஆனால் அந்தத் தொடரின் ரசிகர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். அதே வருடம் டிக்கன்ஸின் 'மார்ட்டின் சஸில்விட்' டிவி தொடரிலும் ஒரு எத்தன் வேடம். ஆஸ்கர் பரிந்துரை வந்த வருடத்தில் ஒருவர் டிவியில் தொப்பியோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதைக் கவனியுங்கள். ஹாலிவுட் கணக்குப்படி அது இறங்குமுகம். அவருக்கு அது அடுத்த வேலை.

அந்தப் பரிந்துரை 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' படத்துக்கு வந்தது. 1993, ஜிம் ஷெரிடன் இயக்கம். செய்யாத குண்டுவெடிப்புக்காகச் சிறைப்பட்ட பெல்ஃபாஸ்ட் இளைஞன் ஜெரி கான்லனாக டேனியல் டே-லூயிஸ், அவன் அப்பா ஜுசெப்பேயாக இவர். மகனுக்கு வக்கீல் பிடிக்க லண்டன் வந்த நோயாளி அப்பாவும் கைதாகி, சிறைக்காவலில் இருக்கும்போதே 1980இல் இறந்துபோனது நிஜம். மகனின் தண்டனை 1989இல் ரத்தானது, அப்பாவும் அவரோடு தண்டிக்கப்பட்ட உறவினர்களும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பானது 1991இல். ஆனால் படத்தில் வருவதுபோல அப்பாவும் மகனும் ஒரே அறையில் வருடக்கணக்கில் இருக்கவில்லை, அது படத்துக்காகச் செய்த மாற்றம். படத்தைப் பார்த்துவிட்டு அதை வரலாறாகச் சொல்பவர்கள் நிறைய இருப்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். ஒரு நடிகரின் வேலையைப் பார்க்க வந்தவனுக்கோ அந்த மாற்றம் ஒரு வரம். இரண்டு கட்டில் அகலத்து அறைக்குள் இரண்டு பேர்.

மகன் அப்பாவைப் பார்த்து வெடிக்கும் காட்சியைத்தான் நான் வகுப்பில் போடுவேன். சின்ன வயதில் கால்பந்தில் ஜெயித்துப் பதக்கம் வாங்கிய அன்றும், நான் செய்த ஃபவுலைத்தானே நீ பார்த்தாய் என்று மகன் கத்துகிறான். வசனம் முழுக்க டே-லூயிஸுக்கு. முதல்முறை போடும்போது எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். இரண்டாம் முறை, வலது கையால் திரையில் டே-லூயிஸை மறைத்துக்கொள்ளச் சொல்வேன். மிச்சம் இருக்கும் ஆள் என்ன செய்கிறார்? அழவில்லை, தலையைக் குனியவில்லை, பதிலுக்கு முகத்தைச் சுளிக்கவில்லை. கேட்கிறார். ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே போய் எங்கோ இடிப்பது தெரிகிறது, ஆனால் எங்கே என்று காட்டமாட்டார். அந்த இடத்தில் அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் மகனின் கோபம் வெறும் கொடுமையாகத் தெரிந்திருக்கும், டே-லூயிஸின் காட்சி செத்திருக்கும். ஒருமுறை இதைச் சொல்லிவிட்டு, இருவருக்கும் வயது வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். முப்பது, முப்பத்தைந்து என்றார்கள். 11 வருடம்தான். படம் வந்தபோது அப்பாவுக்கு 47, மகனுக்கு 36. வகுப்பில் ஒருத்தி நம்பாமல் போனை எடுத்துப் பிறந்த தேதிகளைச் சரிபார்த்தாள்.

துணை வேடம் என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த சரியான விளக்கம் அந்தக் காட்சி. எதிரே நிற்பவரின் நடிப்பு நிற்பதற்கு ஒரு தரை வேண்டும். அந்தத் தரையாக இருக்கத் தெரிந்தவர்கள் நாயகர்களைவிட அரிது. நம் ஆட்கள் குணச்சித்திர நடிகர் என்று ஒரு சொல்லைப் பிடித்தார்கள், துணை நடிகர் என்பதைவிட அது எவ்வளவோ நியாயமான சொல்.

அந்த வருட ஆஸ்கர், 'தி ஃபியுஜிட்டிவ்' படத்துக்காக டாமி லீ ஜோன்ஸுக்குப் போனது. அதே பட்டியலில் தோற்றவர்கள் ரேஃப் ஃபைன்ஸ், ஜான் மால்கோவிச், 19 வயது லியோனார்டோ டிகாப்ரியோ. அதற்குப் பிறகு வாய்ப்புகள் குவிந்தன. 1995இல் கோபயாஷி. ஜப்பானியப் பெயர், ஐரோப்பிய முகம், பேச்சில் லேசாக நம் துணைக்கண்டத்து வாடை. எந்த நாட்டான் என்று பிடிபடாது, பிடிபடவும் கூடாது. படம் பார்க்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள். அந்தப் பெயரே ஒரு காபிக் கோப்பையின் அடியில் அச்சிட்டிருந்தது என்று கடைசியில் தெரியும்போது, இந்தப் பொருந்தாமை எல்லாம் வேண்டுமென்றே செய்தது என்று உறைக்கிறது. 1996இல் 'ரோமியோ + ஜூலியட்'டில் பாதிரியார், டிகாப்ரியோவுக்கு மணம் முடித்து வைப்பவர். அந்தப் படத்தில் ஷேக்ஸ்பியரின் செய்யுள் ஓசையோடு பேசுபவர் இவர் ஒருவர்தான் என்று இணையத்தில் சுற்றும் தகவலை நம்ப வேண்டாம். எல்லோரும் அதே செய்யுளைத்தான் பேசுகிறார்கள். இவர் பேசும்போது அது செய்யுள் என்பதும் கேட்கிறது, மனிதன் பேசுவது போலவும் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே 1996இல் 'பிராஸ்ட் ஆஃப்'. இங்கேதான் கேள்வி கேட்டவரை நான் திருத்த வேண்டியிருக்கிறது: இதில் அவர் துணை வேடம் அல்ல. யார்க்‌ஷயரில் சுரங்கம் மூடப்போகிறது, சுரங்கத் தொழிலாளிகளின் பித்தளை வாத்தியக் குழுவை நடத்தும் டேனியாக இவர். நிஜமான கிரைம்தார்ப் சுரங்கத்தின் வாத்தியக் குழு 1992இல் தேசியப் போட்டியில் ஜெயித்தது, சுரங்கங்கள் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்து சில நாட்களில். மறு வருடம் சுரங்கம் மூடிவிட்டார்கள். படத்துக்கு வாசித்ததும் அந்தக் குழுதான். கடைசியில் மேடையில் டேனி பேசும் பேச்சை எழுத்தில் படித்தால் பிரசங்கம்: இசைதான் பெரிது என்று நினைத்திருந்தேன், மனுஷங்களுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. நிலக்கரித் தூசி படிந்த நுரையீரல்காரனாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சுச் சேர்த்துக்கொண்டு அவர் பேசுகிறார். மூச்சுக்கு நிற்கிறாரா, சொல்ல வாய் வராமல் நிற்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரசங்கம் காணாமல் போய்விடுகிறது. சும்பவாம்பா என்ற பாட்டுக் குழு இந்தப் பேச்சின் ஒலிப்பதிவையே எடுத்துத் தங்கள் பாட்டின் முன்னால் வைத்துக்கொண்டது.

மையப் பாத்திரம் இது ஒன்று மட்டுமல்ல. 1999இல் மூத்த நடிகை தோரா ஹர்டுக்கு மகனாக நடித்த 'லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ்', 2000இல் பிபிசியின் ஏழு பகுதித் தொடர் 'தி சின்ஸ்' இரண்டிலும் அவரைச் சுற்றித்தான் கதை. 2008இல் அதே எவ்ரிமேன் தியேட்டருக்குத் திரும்பிப் போய் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நடித்தார். அதற்கு விமர்சனங்கள் இருவிதமாக வந்தன, நான் பார்க்காததால் பக்கம் சாயவில்லை. ஆக, மேடையிலும் டிவியிலும் அவர் நாயகன்தான், ஹாலிவுட் படத்தில்தான் குணச்சித்திரம். அமெரிக்கப் படங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவர் வாழ்க்கையின் பாதிதான் தெரிகிறது, அந்தப் பாதியை வைத்துத்தான் 'ஏன் மேலே வரவில்லை' என்று கேட்கிறோம். முகம் ஒரு காரணம், பெயர் வெளியே தெரியும்போது வயது 47 என்பது இன்னொரு காரணம். விருப்பம் ஒரு காரணமா என்றால், ஷ்ராப்ஷயரில் கிராமப்புறத்தில் வீடு வைத்துக்கொண்டு, பெரிய படங்களுக்கு நடுவில் தனி ஆள் நாடகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவருக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நாற்காலி மேல் பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இது என் ஊகம்.

எல்லாம் ரத்தினம் என்றும் சொல்லமாட்டேன். 'ஏலியன் 3'இல் மொட்டைத் தலைக் கைதிகள் கூட்டத்தில் இவர் எது என்று தேட வேண்டியிருக்கும். 2010இல் வந்த 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' போன்றவை சம்பளத்துக்கான வேலை, அதில் தப்பில்லை.

அதே 2010இல்தான் உடம்பு முடியாத நிலையிலும் இரண்டு சின்ன வேடங்கள். 'இன்செப்ஷன்'இல் சாகக் கிடக்கும் பணக்கார அப்பா, கிட்டத்தட்ட படுக்கையை விட்டு எழுவதே இல்லை, வாயில் ஏமாற்றம் என்ற பொருள் தரும் ஒரு சொல் பாதி வந்து நிற்கிறது. அந்தப் பாதிச் சொல்லில்தான் இரண்டரை மணி நேரப் படத்தின் முடிச்சு இருக்கிறது. 'தி டவுன்' படத்தில் பாஸ்டன் நகரப் பூக்கடைக்காரர், மறைவில் கொள்ளைக் கும்பலின் தலைவன். ரோஜாக் காம்பைச் சீவிக்கொண்டே பென் அஃப்லெக்கிடம் அவன் அப்பாவையும் அம்மாவையும் தான் என்ன செய்தேன் என்று சொல்கிறார். குரல் உயரவில்லை, கத்தியும் நிற்கவில்லை. அதற்கு பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டாவின் பரிந்துரை வந்தபோது அவர் இல்லை. 2011 ஜனவரி 2, ஷ்ரூஸ்பரியில் கணையப் புற்றுநோயால் இறந்தார், வயது 64.

எதிலிருந்து பார்ப்பது என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். முதலில் 'பிராஸ்ட் ஆஃப்', சப்டைட்டிலோடு, யார்க்‌ஷயர் பேச்சு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களையே திணற வைக்கும். பிறகு 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்'. டெரன்ஸ் டேவிஸ் படத்தை மனசு லேசாக இருக்கும் நாளில் பாருங்கள். கடைசியாக மறுபடி கோபயாஷி: துப்பாக்கி முனையில் நின்றுகொண்டு, அவர்களுடைய கூட்டாளியின் காதலி மாடியில் தன் அலுவலகத்தில்தான் இருக்கிறாள் என்று அமைதியாகச் சொல்லும் இடம். அதை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், சுற்றி நிற்பவர்களின் கண்கள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்புவதைப் பார்க்கலாம்.